மகளுக்கு பாரி என்று பெயர் வைத்தோம்: 11 வருடமாக எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகள் பெயர் பாரி. திருச்சியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு நொடி நிற்கும், அப்புறம் "பையன் பேராச்சே" என்பார். கல்யாண வீட்டுப் பந்தி, பல் டாக்டர் கிளினிக், பள்ளி வாசல் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். இப்போது கர்ப்பமாக இருக்கும் தோழிகளும், அந்தத் தோழிகளின் தோழிகளும் வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

பாரி ஆண் பெயர்தானே? பெண் குழந்தைக்கு எப்படி வைக்கத் தோன்றியது?

ஆண் பெயர்தான், மறுக்கவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்புமலைப் பாரியைத் தமிழ்ப் பாடம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் வைத்தது அந்த வள்ளலுக்காக இல்லை, என் அப்பாவுக்காக. அப்பா பெயர் பாரி. வேதாசலம் மறைமலையடிகளாகவும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் மாறிய காலத்தின் காற்று என் தாத்தா மேலும் அடித்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தேடித் தேடித் தமிழ்ப் பெயராக வைத்தார். அப்பா, என் மகள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் இறந்துபோனார்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி என்பது பெயர்த்தி. சொல் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் இருக்கிறது, வழக்கத்தில்தான் தாத்தா பெயர் பேரனுக்கு என்று ஆகிவிட்டது. பேத்திக்கு வைப்பதென்றால் வாலைக் கொஞ்சம் மாற்றி வைப்பார்கள்: கருப்பன் கருப்பாயி ஆவார், வீரன் வீரம்மாள் ஆவார், ராமசாமி ராமாயி ஆவார், பழனிச்சாமி பழனியம்மாள் ஆவார். பாரிக்கு அப்படி ஒரு பெண்பால் கிடைக்கவில்லை. என் நாத்தனார் பாரிஜாதம் என்று யோசனை சொன்னார். நல்ல பெயர்தான், ஆனால் அது பூ, என் அப்பா இல்லையே. பெரியப்பா "அடுத்தது பையன் பொறப்பான், அவனுக்கு வெச்சுக்கலாம்மா" என்றார். பிறக்காத ஒருவனுக்காக அந்தப் பெயரை எடுத்து வைத்துக் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் கதை.

இன்னொன்றும் உண்டு, இது பிற்பாடு தோன்றியது. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" பாட்டைப் பாடியவர்கள் பெயர் புறநானூற்றில் என்னவென்று இருக்கிறது? பாரி மகளிர். அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பின்னால் வந்த கதைகள் கொடுத்த பெயர்கள். இவ்வளவு நல்ல பாட்டைப் பாடிய இரண்டு பெண்களும் அப்பா பெயரோடுதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பையன் வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த ஏக்கத்தில் வைத்ததா?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், பலர் மனசுக்குள் வைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது, ஏனென்றால் நம் ஊரில் பெயரை வைத்தே பெண் குழந்தையிடம் "நீ வந்திருக்க வேண்டாம்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. திருத்தணி பக்கம் நாராயணபுரத்தில் வரிசையாகப் பெண் பிறந்தால் ஒருத்திக்கு வேண்டாம் என்றே பெயர் வைப்பார்கள், அடுத்தது பையனாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையில். அப்படிப் பெயர் கொண்ட ஒரு பொறியியல் மாணவிக்கு ஜப்பான் நிறுவனத்தில் வேலை கிடைத்தது 2019இல் பெரிய செய்தியாக வந்தது. தென்மாவட்டங்களில் போதும்பொண்ணு உண்டு. மராட்டியத்தில் நகுசா, அதாவது வேண்டாதவள். 2011இல் சதாரா மாவட்டத்தில் அந்தப் பெயர் கொண்ட 285 சிறுமிகளுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயர்களுக்கும் ஆண் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டாவது மகளுக்கோ மூன்றாவது மகளுக்கோ ராஜா என்று கூப்பிடு பெயர் வைத்து, கிராப் வெட்டி, டவுசர் மாட்டி வளர்த்து, தம்பி பிறந்த அன்று அந்தப் பெயரைப் பிடுங்கி அவனிடம் கொடுத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்கு இப்போது ஐம்பது வயது. இன்னும் அதைச் சொல்லும்போது சிரிப்பார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அடுத்த குழந்தை பையன் என்று உறுதியாகத் தெரிந்தாலும் இந்தப் பெயரை இவளுக்கே வைப்பீர்களா? ஆமாம் என்றால் வையுங்கள். கொஞ்சம் இழுத்தால், வேறு பெயர் பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பழக்கம் இல்லையா? நம்மிடம் உண்டா?

அவர்களிடம் நிறைய உண்டு, உண்மைதான். ஆஷ்லி, பெவர்லி, ஷெர்லி எல்லாம் ஒரு காலத்தில் ஆண்களுக்கு வைத்த பெயர்கள், இப்போது பெண் பெயர்கள். 1849இல் வந்த ஒரு ஆங்கில நாவலில் பையனுக்கென்று வைத்திருந்த ஷெர்லி என்ற பெயரை மகளுக்கு வைப்பார்கள், அதற்குப் பிறகு அது பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து கடன் வாங்க நமக்குத் தேவையே இல்லை.

சிவகங்கைச் சீமையை 1780இல் மீட்ட வேலு நாச்சியாரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாச்சியார் என்பது பட்டம். மிச்சம் இருப்பது வேலு. டீக்கடையில் நின்று "வேலு" என்று கூப்பிட்டால் எத்தனை மீசைகள் திரும்பும்? தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரும், எழுத்தாளர் லா. ச. ராமாமிர்தம் பெயரும் ஒன்றுதான், ஓர் எழுத்து மாறவில்லை. ராஜம் கிருஷ்ணன் பெண், இசையிலும் ஓவியத்திலும் பேர் வாங்கிய எஸ். ராஜம் ஆண். ராஜராஜ சோழனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன், இன்று அருள்மொழி என்ற பெயரில் பெண்களும் இருக்கிறார்கள், ஆண்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் போய் "ஏ இசக்கி" என்று கூப்பிட்டால் ஆணும் திரும்புவார், பெண்ணும் திரும்புவார். அன்பு, அருள், மதி, தமிழ், ரத்தினம், பாக்கியம், எல்லாமே இந்தக் கணக்குதான்.

நான் கவனித்தவரை 'அம்'மில் முடிகிற பெயர்கள் நம் பாட்டிமார்களுக்குத் தாராளமாகப் போயிருக்கின்றன. பெண் என்றால் 'ஆ'விலோ 'ஈ'யிலோ முடிய வேண்டும், அதிலும் ஷா, ஸ்ரீ, இகா என்று முடிய வேண்டும் என்பது நேற்று வந்த பழக்கம். அதைப் போய் மரபு என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அப்படியானால் எந்த ஆண் பெயரையும் வைக்கலாமா? இனியன், கபிலன் மாதிரி?

இங்கேதான் தமிழ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இனியன் என்பதில் இருக்கும் 'அன்' ஆண்பால் விகுதி, "இனியவன்" என்ற அர்த்தம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெண்ணுக்கு வைத்தால் கூப்பிடும்போதெல்லாம் இலக்கணம் இடிக்கும். பாரி, வேலு, கதிர், இளங்கோ, எழில், அமுது போன்றவற்றில் அந்த விகுதி இல்லை. அதனால் வினைச்சொல்லே வேலையை முடித்துவிடும்: பாரி வந்தாள், கதிர் போனாள். காது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. தொல்காப்பியம் விரவுப்பெயர் என்று ஒரு வகை சொல்கிறது, உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயர்கள். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் சாத்தன். சாத்தன் வந்தான் என்றால் மனிதன், சாத்தன் வந்தது என்றால் மாடு. வினை வந்தால்தான் ஆள் யாரென்று தெரியும். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே பெயர் வைத்து வினையை வைத்துச் சமாளித்த மொழிக்கு, ஒரு சிறுமிக்குப் பாரி என்று பெயர் இருப்பது பாரமே இல்லை.

சட்டத்தில் ஏதாவது தடை உண்டா?

இந்தியாவில் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் தனி, பாலினம் தனி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். நாங்கள் பதியப் போனபோது அங்கிருந்த ஊழியர் "பெண் குழந்தைன்னு போட்டிருக்கு, பேரு மாறி வந்திருச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். கேட்டார், ஆனால் பதிந்துகொடுத்தார்.

மற்ற நாடுகளில் இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. ஐஸ்லாந்தில் பிளேர் என்று ஒரு பெண், பெயருக்கு இளங்காற்று என்று அர்த்தம். அவர்கள் மொழியில் அந்தச் சொல் ஆண்பால் என்பதால் பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்று பெயர்க் குழு மறுத்துவிட்டது. 15 வயது வரை அரசுக் காகிதங்களில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சிறுமி" என்றே போட்டிருந்தார்கள். 2013 ஜனவரியில் நீதிமன்றம் போய் ஜெயித்தாள். 2019இல் அந்த நாடு பெயரில் ஆண் பெண் என்ற கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. ஜெர்மனியில் வழக்குக்கு வந்தது நமக்குத் தெரிந்த பெயர், கிரண். இந்தியப் பின்னணி கொண்ட குடும்பம், மகளுக்குக் கிரண் என்று வைத்தார்கள். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, இன்னொரு பெயர் சேர்த்தால்தான் பதிவோம் என்றது பதிவு அலுவலகம். 2008 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், பெயர் பாலினத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊரில் கிரண் பேடியைப் பார்த்து யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா!

நடைமுறையில் என்ன தொல்லை வரும்?

வரும், பொய் சொல்ல மாட்டேன். சின்னச் சின்னதாக, ஆனால் விடாமல் வரும்.

ஓவியப் போட்டியில் பரிசு வாங்கினாள், சான்றிதழில் "செல்வன் பாரி". ஒரு வருடம் பள்ளி வருகைப் பதிவேட்டில் பையன்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், ஆசிரியை "பாரி வரலையா, எங்கே அவன்?" என்று கேட்க, இவள் எழுந்து நிற்க, வகுப்பே சிரித்திருக்கிறது. ரயில் டிக்கெட் போடும்போது பாலினத்தை நீங்களே ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், வேறு யாராவது பெயரை மட்டும் கேட்டுப் போட்டுக்கொடுத்தால் ஆண் என்று அடித்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படி ஆகி, பரிசோதகர் சீட்டையும் இவள் இரட்டைச் சடையையும் மாறி மாறிப் பார்த்தார். வளர்ந்த பெண்களுக்கு விடுதி அறை ஒதுக்கும்போது, நேர்காணலுக்குக் கடிதம் வரும்போது இதே குழப்பம் வரும் என்று அந்த மாதிரிப் பெயர் உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆதாரில் பெண்பால் என்று தெளிவாக இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டால் மற்றதையெல்லாம் அதைக் காட்டிச் சரி செய்துவிடலாம்.

பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?

செய்தார்கள். ஒன்றாம் வகுப்பில் "பாரி பாரி லாரி". இது பையனாக இருந்தாலும் வந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் "நீ பொண்ணா பையனா" என்று தினமும் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து அழுதாள். என்ன சொல்வதென்று எனக்கும் உடனே தெரியவில்லை. தாத்தா போட்டோவைக் காட்டிப் பேசியதெல்லாம் அன்றைக்கு எடுபடவில்லை. நான்காம் வகுப்பில் பாரி வள்ளல் பற்றி வந்தபோது நிலைமை தானாக மாறியது, அந்த ஒரு வாரம் அவள்தான் வகுப்பில் பெரிய ஆள்.

இன்று வரை அவளுக்கு இந்தப் பெயர் முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில நாள் பிடிக்கும். சில நாள் "எனக்கு ஏம்மா யாழினின்னு வெக்கல" என்பாள். என் பெயர் எனக்கு முப்பது வயது வரை பிடிக்கவில்லை, அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பெரிதானதும் மாற்றிக்கொள்ள விரும்பினால்?

மாற்றிக்கொள்ளட்டும். அரசிதழில் வெளியிட்டு மாற்றலாம், 18 வயதுக்கு முன்னால் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்குவதற்குள் செய்துவிட்டால் பின்னால் அலைச்சல் குறைவு. அவளிடம் இதைச் சொல்லியும் வைத்திருக்கிறோம். வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயரும் இருக்கிறது, அதை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு.

வீட்டுப் பெரியவர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

மாமியார் ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் பேசினார். சிக்கல் வந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். என் அம்மாவுக்கு இந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. 35 வருடம் குடும்பம் நடத்தியும் புருஷன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை அம்மா. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளி "நீ சொல்லு" என்பார். அந்தப் பெயரையே பேத்திக்கு வைத்துவிட்டேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் இரண்டு வருடம் "பாப்பா", "ஏ குட்டி" என்றே ஓடியது. ஒரு நாள் குழந்தை தெருப்பக்கம் ஓடிவிட்டது, பைக் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் இருந்து "பாரீ..." என்று கத்தினார். குழந்தை நின்றுவிட்டது. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றார். மறுநாளிலிருந்து "பாரி, பாலைக் குடி", "பாரி, அங்க என்ன சத்தம்", "சொன்ன பேச்சே கேக்க மாட்டியா பாரி" என்று அதட்டிக்கொண்டே இருக்கிறார். தாத்தாவிடம் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்துத்தான் இவளைத் திட்டுகிறார் என்று என் கணவர் சொல்வார்.

ஜாதகப்படி எழுத்து, எண் கணிதம் எல்லாம் பார்த்தீர்களா?

இல்லை.

வெளிநாடு போனால் பிரச்சினை வருமா?

வெளிநாட்டுக்கு முன்னால் வடநாட்டைச் சொல்கிறேன். டெல்லியில் இவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் பரி என்று படிக்கிறார்கள். இந்தியில் அதற்குத் தேவதை என்று அர்த்தம், பெண் குழந்தைக்குத்தான் வைப்பார்கள். அங்கே ஒருவரும் புருவம் தூக்கவில்லை. பஞ்சாபில் சீக்கியர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, முதல் பெயர் இருபாலருக்கும் பொது, பின்னால் வரும் சிங், கௌர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணித் தலைவர் ஹர்மன்ப்ரீத் கௌர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஆண்கள் ஹாக்கி அணித் தலைவர் ஹர்மன்ப்ரீத் சிங். மலேசியத் தமிழர்களுக்கு அடையாள அட்டையிலேயே ஏ/எல், ஏ/பி என்று மகனா மகளா என்பது பெயரோடு வந்துவிடும்.

அது போக, வெளிநாட்டுக்குப் போகிற தமிழ்ப் பெண்கள் பாதிப் பேர் ஏற்கெனவே ஆண் பெயரில்தான் வாழ்கிறார்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுவதால், பிரியா அங்கே இறங்கியதும் மிஸ் ராமசாமி ஆகிவிடுகிறாள். அதற்கு யாரும் வருத்தப்பட்டுக் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவீர்கள்?

அவளுக்கு 11 வயது. அடுத்த கேள்வி.

சரி, பையன் பிறந்திருந்தால் பெண் பெயர் வைத்திருப்பீர்களா?

இதைக் கேட்டது என் தம்பி மனைவி. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திக் கேட்டாள். என்னிடம் உடனே பதில் இல்லை.

மாரி, காளி, இசக்கி என்று அம்மன் பெயர்களை ஆண்கள் காலம் காலமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இழுத்தேன். "அது சாமி பேரு. நான் கேக்கறது உங்க அத்தை பேரை. செண்பகம்னு பையனுக்கு வெப்பீங்களா அண்ணி?" என்றாள். வைத்திருக்க மாட்டேன். பெண்ணுக்குப் பையன் பெயர் என்றால் கேட்கிறவர்கள் "தைரியமான பேரு", "கெத்தா இருக்கு" என்கிறார்கள், எனக்கும் அதைக் கேட்க உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. பையனுக்குப் பெண் பெயர் என்றால் அவனைப் பள்ளியில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. ஒன்று மேலே ஏறுவது போலவும் மற்றது கீழே இறங்குவது போலவும் எனக்கே தோன்றுகிறது என்றால், அந்த ஏணியை நானும்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"வெக்க மாட்டேன்" என்று சொன்னேன். அவள் "ம்" என்று சொல்லிவிட்டு எனக்கு சாம்பார் ஊற்றினாள்.